முதற் சுற்றில் தோற்ற பிள்ளை எங்கே? ஊரில் கேமிங் போட்டி நடத்துவோருக்கான வழிகாட்டி

ஓர் எளிய கணக்கிலிருந்து தொடங்கலாம். ஊர் விளையாட்டுக் கழகமொன்று பலநோக்கு மண்டபத்தில் நான்கு பிளேஸ்டேஷன்களை வைத்து 32 பேருக்குக் கால்பந்து கேமில் போட்டி நடத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தோற்றவர் உடனே வெளியேறும் முறை என்றால் முதற் சுற்றில் 16 ஆட்டங்கள் நடக்கும். இருக்கை மாறி, கொன்ட்ரோலரைச் சரிபார்த்து, ஆடி முடிக்க ஓர் ஆட்டத்துக்கு 20 நிமிடம் பிடித்தால், நான்கு தொகுதிகளாக 80 நிமிடங்களில் அந்தச் சுற்று முடிந்துவிடும். காலை 9.30க்குத் தொடங்கிய போட்டியில் 10.50 ஆகும்போது 16 பிள்ளைகளுக்கு அங்கே செய்வதற்கு ஒன்றும் இல்லை. பெற்றோரிடமோ “நாலு மணிக்கு வந்து கூட்டிக்கொண்டு போங்கள்” என்று சொல்லி வைத்திருக்கிறோம். இடைப்பட்ட ஐந்து மணி நேரமும் அந்தப் பதினாறு பேர் யாருடைய பொறுப்பில் இருக்கிறார்கள் என்று கேட்டால், பெரும்பாலான ஏற்பாட்டாளர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

நாங்களும் அப்படித்தான் பார்த்தோம். மட்டக்களப்புக்கும் கல்முனைக்கும் இடைப்பட்ட கடலோர ஊரொன்றில் நாங்கள் நடத்திய இரண்டாவது போட்டியில், தரம் 7 படிக்கும் சிறுவன் ஒருவன் முதல் ஆட்டத்திலேயே தோற்று, சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனதை நான் பார்த்தேன். அடுத்த ஆட்டக்காரர்களின் பெயர்களை ஒலிவாங்கியில் வாசிக்கும் அவசரத்தில் அவனை மறந்தும் போனேன். மூன்றரை மணிக்கு அவனுடைய தாயார் வந்து “மகன் எங்க தம்பி?” என்று கேட்டபோதுதான் அவன் மண்டபத்திலேயே இல்லை என்பது எங்களுக்குத் தெரிந்தது. தேடிப் போனபோது, எங்களில் எவருக்கும் முகம் தெரியாத, அவனைவிட நான்கைந்து வயது மூத்த பையன்கள் சிலருடன் கடற்கரையில் இருந்தான். கால்சட்டை தொடைவரை நனைந்திருந்தது. அது நவம்பர் மாதம்; வடகீழ்ப் பருவக் காற்றில் கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றாலும், அதற்கான பெருமை எங்களுக்கு உரியதல்ல.

கேமிங் போட்டி என்றதும் பெற்றோரும் ஆசிரியரும் முதலில் அஞ்சுவது திரையில் தெரியும் துப்பாக்கிகளைத்தான். அதைப் பற்றியும் கீழே சொல்கிறேன். ஆனால் இதுவரை ஆறேழு போட்டிகளில் நின்று பார்த்தவன் என்ற வகையில், பிள்ளைகளுக்கு இடர் வருவது பெரும்பாலும் அவர்கள் ஆடாத நேரத்தில்தான் என்று நினைக்கிறேன்: பதிவு செய்யும் போது, தோற்றுக் காத்திருக்கும் போது, வீட்டுக்குப் போகும் வழியில், போட்டி முடிந்து இரண்டு நாள் கழித்து வரும் வட்ஸ்அப் செய்தியில். இந்த வழிகாட்டியும் அந்த நேரங்களையே பின்தொடர்கிறது.

ஒரு விளக்கத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சிறுவர் என்றால் 18 வயதுக்கு உட்பட்ட எவரும் என்பதே 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்க தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைச் சட்டம் கொள்ளும் பொருள். இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயமும் அந்த வயதையே எல்லையாகக் கொள்கிறது. மீசை அரும்பி, மோட்டார் சைக்கிள் ஓடப் பழகி, உயர்தரத்துக்குப் படித்துக்கொண்டிருக்கும் பதினேழு வயதுப் பையனும் உங்கள் மண்டபத்துக்குள் சிறுவனே. அவனைத் தொண்டர் வேலைக்கு எடுத்துக்கொண்டாலும் அவன் காக்கப்பட வேண்டியவர்களில் ஒருவனே தவிர, காவலன் அல்லன்.

பதிவு

வாசலில் காசை வாங்கிக்கொண்டு பெயரை எழுதும் வழக்கத்தை 18 வயதுக்கு உட்பட்டவர்கள் விடயத்தில் முற்றாக நிறுத்திவிடுங்கள். வாசலில் வந்து பெயர் கொடுக்கும் பிள்ளை ரியூசனுக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அப்படியானால் அவன் எங்கே இருக்கிறான் என்பது உங்களைத் தவிர வேறு எவருக்கும் தெரியாது. போட்டிக்கு ஒரு வாரம் முன்னதாகவே பதிவை முடித்தால், ஒவ்வொரு பெற்றோருடனும் ஒருமுறை கதைக்க அவகாசம் கிடைக்கும்.

படிவத்தில் கேட்க வேண்டியவை சிலவே. பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, பெற்றோர் அல்லது பாதுகாவலரின் இரண்டு தொலைபேசி இலக்கங்கள், பிள்ளையைக் கூட்டிச் செல்ல அனுமதிக்கப்பட்ட இருவரின் பெயர்கள், ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை போன்றவை உண்டா என்ற விபரம் ஆகியவை போதும். படம் எடுக்கவும் நேரலையில் காட்டவும் சம்மதமா என்பதைத் தனிக் கேள்வியாகக் கேட்டு, “இல்லை” என்று சொன்னாலும் பிள்ளை விளையாடலாம் என்பதை அதன் கீழேயே எழுதிவிடுங்கள். வீட்டு முகவரி, பாடசாலையின் பெயர், அடையாள அட்டை இலக்கம் எதுவும் போட்டி நடத்துவதற்குத் தேவையில்லை. தேசிய அடையாள அட்டை 15 வயதிலிருந்துதான் வழங்கப்படுகிறது என்பதால், வயதைச் சரிபார்க்கப் பிறப்புச் சான்றிதழையே பார்க்க வேண்டியிருக்கும். பார்த்தவுடன் கையிலேயே திருப்பிக் கொடுங்கள். போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளாதீர்கள். அம்பாறை மாவட்டத்தில் நடத்துவதாயின் படிவம் தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும். கையெழுத்து வைப்பவருக்குத் தாம் எதற்குக் கையெழுத்து வைக்கிறோம் என்பது விளங்க வேண்டும்.

படிவம் வந்தபின் தொண்டர் ஒருவர் பெற்றோரின் இலக்கத்துக்கு அழைத்துக் கதைக்க வேண்டும். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், உம்மாவின் இலக்கம் என்று எழுதியிருப்பது மச்சானின் இலக்கமாக இருக்கும், அழைத்தால் குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு “ஓம், அனுப்புறம்” என்பான். இதைக் கண்டுபிடிக்க எங்களிடம் ஒரு சின்ன வழி உண்டு. “பிள்ளைட பிறந்த திகதியை ஒருக்காச் சொல்லுங்க” என்று கேட்போம். தாய் என்றால் கேள்வி முடியும் முன்னரே பதில் வந்துவிடும். மச்சான் என்றால் மறுமுனையில் ஓர் அமைதி.

எங்கள் பகுதியில் தாயோ தகப்பனோ மத்திய கிழக்கில் வேலை செய்ய, பிள்ளை அம்மம்மாவிடமோ சித்தியிடமோ வளரும் வீடுகள் ஏராளம். வெளிநாட்டிலுள்ள தாய் வட்ஸ்அப்பில் குரற்பதிவாகச் சம்மதம் அனுப்பினால் அதை மதித்து ஏற்றுக்கொள்ளலாம். எனினும் அன்றைய தினம் அரை மணி நேரத்துக்குள் மண்டபத்துக்கு வந்து சேரக்கூடிய ஒருவரின் பெயரும் இலக்கமும் இல்லாமல் பதிவை முடிக்காதீர்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் கட்டாரிலிருந்து எவரும் ஓட்டோ பிடித்து வர முடியாது.

சேர்த்த விபரங்களைப் பூட்டி வைப்பதும் உங்கள் வேலை. யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கக்கூடிய கூகிள் தாளில் எழுபது பிள்ளைகளின் பெயரும் இலக்கமும் கிடந்ததை என் கண்ணாலேயே கண்டிருக்கிறேன். சிறுவர் பற்றிய தரவை 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூடுதல் கவனம் வேண்டும் சிறப்பு வகைகளுள் ஒன்றாகவே வைத்திருக்கிறது. அந்தத் தாளை இருவர் மட்டும் திறக்கலாம் என்று வையுங்கள்.

எந்த கேம், எந்த வயது

கேம்களுக்கு வயதுத் தரம் குறிக்கும் ஐரோப்பிய முறையான பெகி 2003 முதல் நடைமுறையில் உள்ளது. 3, 7, 12, 16, 18 என ஐந்து நிலைகள் அதில் உண்டு. ஈஏ எஃப்சி கால்பந்து 3, மைன்கிராஃப்ட் 7, ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 எனும் சண்டை கேம் 12, வலோரன்ட் 16, ஜீடிஏ 5 எனும் கேம் 18. போனில் இறக்கும் கேம்களுக்கும் பிளே ஸ்டோர் பக்கத்திலேயே வயது குறிக்கப்பட்டிருக்கும். அந்த எண் கேம் எவ்வளவு கடினமானது என்பதைச் சொல்லவில்லை. வன்முறை, கெட்ட வார்த்தை, சூது போன்றவை எவ்வளவு உள்ளன என்பதைச் சொல்கிறது. இணையத்தில் எதிரே ஆடுபவர் மைக்கில் என்ன பேசுவார் என்பதை எந்தத் தரக்குறியும் சொல்லாது. ஆகவே 3 என்று குறித்த கால்பந்து கேமையும் அந்நியருடன் மைக்கைத் திறந்து ஆடவிட்டால் அது 3 வயதுக்குரியதாக இராது.

பந்தயத்தில் இல்லாத பிள்ளைகளும் பார்வையாளராக மண்டபத்தில் இருப்பார்கள் என்பதால், 16, 18 என்று குறித்த கேம்களைச் சிறுவர் போட்டி நடக்கும் அதே அறையில் வைக்காதீர்கள். வேறு நாளில் வைப்பதே சிறந்தது.

வயதுப் பிரிவு இதைவிட முக்கியம். போனில் ஆடும் ஸ்குவாட் போட்டிகளில் அணிக்கு நான்கு பேர் வேண்டும். மூன்று இளைஞர்கள் நாலாவது ஆளாகக் குறி தப்பாத பதின்மூன்று வயதுப் பையன் ஒருவனைத் தேடிப் பிடிப்பது எங்கும் நடக்கிறது. பையனுக்கு அது பெரிய கௌரவம். அந்த மூவரும் நல்லவர்களாகவே இருக்கலாம். ஆனால் அன்றிலிருந்து அவன் இரவு பதினொரு மணிவரை பெரியவர்களின் குழு அழைப்பில் இருப்பான், அவர்கள் போகும் ஊர்களுக்கெல்லாம் போக விரும்புவான், போன் ரீலோட்டையும் கேமுக்குள் செலவழிக்கும் டயமண்டையும் அவர்களிடமிருந்து வாங்குவான். ஓர் அணியில் சிறுவர் ஒருவர் இருந்தால் அணி முழுவதும் 18 வயதுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் விதி. கூடப் பிறந்த அண்ணன் தம்பி என்றால் மட்டும், பெற்றோர் நேரில் வந்து சொன்னால் விலக்கு அளிப்போம். இந்த விதியால் எங்கள் போட்டிக்கு வராமல் போன அணிகளும் உண்டு. அதற்காக வருந்தவில்லை.

நாளும் மண்டபமும்

சனிக்கிழமையே பொருத்தமான நாள். ஞாயிறு காலையில் அறநெறி வகுப்புகள் இருக்கும். வெள்ளியில் வைத்தால் ஜும்மாவுக்காக நடுவில் நிறுத்த வேண்டி, பிள்ளைகள் கட்டுப்பாடின்றிக் கலைந்து திரும்புவார்கள். காலை 9 மணிக்குத் தொடங்கி மாலை 4 மணிக்குள் பரிசளிப்பும் முடிய வேண்டும். டிசெம்பரில் ஆறு மணிக்கு முன்னரே பொழுது சாய்ந்துவிடும். பிரதான வீதி ஊர்ப் பிள்ளைகளுக்கு பஸ் கிடைத்தாலும், வாவியைக் கடந்து வவுணதீவு, வெல்லாவெளி போன்ற படுவான்கரைப் பக்கம் திரும்ப வேண்டிய பிள்ளைகளுக்கு மாலைப் பயணம் எளிதல்ல. அவர்களுடைய ஆட்டங்களை முற்பகலிலேயே முடித்துவிடும்படி அட்டவணையை அமையுங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை மழையும் வெள்ளமும் வரும் காலம் என்பதால் முடிந்தால் அதைத் தவிர்த்துவிடுங்கள். ஏப்ரல், ஓகஸ்ட் விடுமுறைகளே உகந்தவை.

மண்டபத்தைத் தெரிவு செய்யும்போது மேசை போட இடமிருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், எத்தனை வாசல்கள் உள்ளன, மலசலகூடம் எங்கே, கடலோ வாவியோ எவ்வளவு அருகில் என்பவற்றையும் நடந்து பாருங்கள். பிள்ளைகள் வந்து போக ஒரே வாசல்தான் இருக்க வேண்டும். மற்றவை தீ விபத்தின்போது உள்ளிருந்து திறக்கக்கூடியவாறு சாத்தியிருக்கட்டும். ஆணி அடித்தோ பூட்டுப் போட்டோ மூட வேண்டாம். நீர்நிலைப் பக்கமாக ஒரு பெரியவரை நாள் முழுவதும் நிறுத்துங்கள். மின்சாரம் நின்றால் ஓடவிடும் ஜெனரேற்றர் யன்னலிலிருந்து விலகித் திறந்த வெளியில் இருக்க வேண்டும், ஏனெனில் அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய மண்டபத்தில் அது ஆளைக் கொல்லும். வயர்களைத் தரையோடு நாடாவால் ஒட்டுங்கள்.

பொறுப்பு யாருக்கு

பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், எத்தனை குறைவான பிள்ளைகள் என்றாலும் இருவருக்குக் குறையாமல் என்பது நாங்கள் கடைப்பிடிக்கும் கணக்கு. நடுவர், நேரலை செய்பவர், ஒலிவாங்கிக்காரர் ஆகியோரை இதில் சேர்க்க முடியாது, ஏனெனில் அவர்களின் கண் திரையில் இருக்கும். பிள்ளைகளைக் கவனிக்கும் பெரியவர்களில் ஒருவரைச் சிறுவர் பாதுகாப்புப் பொறுப்பாளராக முன்கூட்டியே நியமித்து, நிறம் வேறான சட்டை அணிவித்து, அவருடைய பெயரையும் இலக்கத்தையும் சுவரில் ஒட்டுங்கள். பெண் பிள்ளைகள் ஒருவராவது வந்தால் பெண் பொறுப்பாளர் ஒருவரும் கட்டாயம் இருக்க வேண்டும். “பொம்புளப் புள்ளையள் வரமாட்டினம்” என்று சொல்பவர்கள், ஆண் பெயரில் கணக்குத் திறந்து வீட்டிலிருந்து ஆடும் மாணவிகள் எத்தனை பேர் என்பதை அறியாதவர்கள். நாங்கள் ஆசிரியை ஒருவரைப் பொறுப்பாக வைத்து, அவர்களுக்குத் தனி நேரமும் ஒதுக்கிய வருடத்தில் பதினொரு பேர் வந்தார்கள்.

தொண்டர்களை எப்படித் தெரிவு செய்வது? கிராம உத்தியோகத்தரின் நற்சான்றிதழ் பெறலாம், பொலிஸ் சான்றிதழும் கேட்கலாம். ஆனாலும் எவரும் இதுவரை முறையிடாத ஒருவரைப் பற்றி எந்தச் சான்றிதழும் பேசாது. அதனால் நடத்தை விதிகளே உண்மையான காப்பு. எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையுடனும் மற்றவர் கண்ணுக்குப் படாத இடத்தில் தனித்திருக்கக் கூடாது. தனிப்பட்ட இலக்கத்திலிருந்து பிள்ளைக்குச் செய்தி அனுப்பக் கூடாது. தம் வண்டியில் தனியே ஏற்றிச் செல்லக் கூடாது, மழை பெய்தாலும். அன்பளிப்பு, ரீலோட், டயமண்ட் அல்லது யூசி போன்ற கேம் பணம் எதையும் கொடுக்கக் கூடாது. இவ்விதிகள் கழகத் தலைவருக்கும், நிதி தந்த கடை முதலாளிக்கும், ஊரில் எல்லோரும் மதிக்கும் மனிதருக்கும் ஒரே மாதிரிப் பொருந்த வேண்டும். இதைச் சொல்லத் தயங்குவோம். பெரியவர்களை அவமதிப்பதாகிவிடுமோ என்று தோன்றும். கூட்டத்தில் விதிகளை வாசித்து, தலைவரே முதலாவதாகக் கையெழுத்து வைத்தால் அந்தத் தயக்கம் போய்விடும்.

பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தருக்குப் போட்டியின் திகதியை முன்னரே தெரிவித்து, முடியுமானால் தொண்டர்களுக்கு அரை மணி நேரம் பேச அழையுங்கள்.

வாசலும் காத்திருப்பும்

வாசல் மேசையில் இருப்பவர் இந்தப் போட்டியின் மிக முக்கியமான ஆள். வரும் பிள்ளையின் பெயருக்கு எதிரே நேரத்தை எழுதி, இலக்கமிட்ட பட்டியொன்றைக் கையில் கட்டி, அதே இலக்கத் துண்டைக் கூட்டி வந்தவரிடம் கொடுங்கள். போகும்போது துண்டையும் பட்டியையும் ஒப்பிட்டு, கூட்டிச் செல்பவரின் பெயர் படிவத்தில் இருக்கிறதா என்று பார்த்து, மறுபடியும் நேரத்தை எழுதுங்கள். ஐம்பது ரூபாக் கொப்பி ஒன்று போதும்.

எங்கள் போட்டியொன்றில் பிற்பகல் மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்தார். “நான் இவன்ட மாமா, வாப்பா அனுப்பினவர், கூட்டிட்டுப் போகணும்” என்றார். பையனும் “ஓம், மாமாதான்” என்றான். படிவத்தில் அவர் பெயர் இல்லை. மேசையில் இருந்த பெண் எழுந்து நின்று, “மாமா, குறை நினைக்காதீங்க, வாப்பாட்ட ஒருக்காக் கதைச்சிட்டு அனுப்புறன், நிழல்ல இருங்க” என்று கதிரையைக் காட்டினார். அழைப்பு மூன்றாம் முறைதான் எடுபட்டது. அதுவரை ஏழெட்டு நிமிடம் அவருக்குக் கோபம் ஏறிக்கொண்டே போனது. அவர் உண்மையில் மாமாதான். போகும்போது, தம் மகளையும் அடுத்த முறை அனுப்பலாமா என்று கேட்டுவிட்டுப் போனார். இந்த மரியாதையான வாக்கியத்தை உங்கள் தொண்டர்கள் எல்லோரும் ஒருமுறை சொல்லிப் பழக வேண்டும், ஏனெனில் எங்கள் ஊர்களில் “மாமா” என்று அழைக்கப்படாத ஆண் எவரும் இல்லை.

இனி, அந்தப் பதினாறு பேர். அவர்களுக்காக இரண்டு மாற்றங்கள் செய்யலாம். முதலாவது, தோற்றவுடன் வெளியேற்றும் முறையை விட்டுவிட்டு, நால்வர் கொண்ட குழுக்களாகப் பிரித்து ஒவ்வொருவருக்கும் மூன்று ஆட்டங்கள் கிடைக்கச் செய்வது. 32 பேருக்கு எட்டுக் குழுக்கள், 48 ஆட்டங்கள். நான்கு பெட்டிகளில் நான்கு மணி நேரம் எடுக்கும். ஆகவே இறுதிச் சுற்றுகளையும் சேர்த்து நாலு மணிக்குள் முடிக்கக் குறைந்தது ஆறு பெட்டிகள் வேண்டும், அல்லது ஆட்களைக் குறைக்க வேண்டும். ஆட்களைக் குறைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. இரண்டாவது, பிள்ளையின் கடைசி ஆட்டம் முடிந்த நிமிடமே வாசல் மேசையிலிருந்து வீட்டுக்கு ஓர் அழைப்பு: “மகன்ட ஆட்டம் முடிஞ்சுது, இப்பவே வந்து கூட்டிப் போகலாம், இல்லாட்டி நாலு மணிவரை எங்களோட இருக்கட்டும்.” இருப்பவர்களுக்கு மண்டபத்தின் ஓரத்தில் கெரம், சதுரங்கம், பரிசில்லாமல் ஆட ஒரு தனிப் பெட்டி, அவர்களுக்கென ஒரு பெரியவர். மணிக்கு ஒருமுறை கொப்பியைப் பார்த்துத் தலைகளை எண்ணுங்கள். எண்ணிக்கை பொருந்தவில்லை என்றால் ஆட்டத்தை நிறுத்தித் தேடுங்கள், இறுதிப் போட்டி நடந்துகொண்டிருந்தாலும்.

தோல்வியில் அழும் பிள்ளையைத் தனியே அழைத்துப் போய்ச் சமாதானப்படுத்த ஒருவர் முன்வருவார். அது நல்ல மனத்தோடு செய்யப்படுவதாகவே இருக்கும். இருந்தாலும் எல்லோரும் பார்க்கக்கூடிய இடத்தில் உட்கார்ந்து சமாதானம் செய்யட்டும்.

போன், குழு, நேரலை

வட்ஸ்அப்பும் டிஸ்கோர்டும் தம் விதிகளின்படி 13 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு உரியவை அல்ல. ஆகவே போட்டி அறிவிப்புகளைப் பெற்றோரின் இலக்கங்களுக்கே அனுப்புங்கள். சாதாரண வட்ஸ்அப் குழுவில் ஒருவருடைய இலக்கம் எல்லோருக்கும் தெரியும். எழுபது பிள்ளைகளைச் சேர்த்த குழு என்பது எழுபது பிள்ளைகளின் இலக்கங்களை அந்நியர் கையில் கொடுத்ததற்குச் சமம். புரோட்காஸ்ட் பட்டியலாக அனுப்பினால் பெறுபவர்கள் ஒருவரை ஒருவர் காண மாட்டார்கள். குழுதான் வேண்டும் என்றால் அட்மின்கள் மட்டும் எழுதலாம் என்று அமைத்து, போட்டி முடிந்த மறுநாளே கலைத்துவிடுங்கள். போன் கேமில் ஆட்டத்துக்குள் நுழையத் தேவையான ரூம் ஐடியும் பாஸ்வேர்டும் மண்டபத்தில் பலகையில் எழுதப்பட்டால் போதும்.

நேரலையில் பிள்ளையின் முகத்தைக் காட்டாமல் திரையை மட்டும் காட்டுவதே எளிது. அறிவிப்பாளர் கேமில் வைத்த பெயரை மட்டும் சொல்லட்டும். “சாய்ந்தமருதைச் சேர்ந்த, இன்ன பாடசாலையில் தரம் 9 படிக்கும்” என்று நீட்டி முழக்குவது, பிள்ளையைத் தேடி வரக்கூடியவனுக்கு வழி சொல்வதாக ஆகிவிடும். யூரியூப் நேரலையின் அரட்டைப் பகுதியை மூடிவிடுங்கள். மற்றொன்றையும் சொல்ல வேண்டும்: தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் ஒரே மேசையில் ஆடும் அரிய இடங்களில் ஒன்று இது. மைக்கில் ஊரையும் மதத்தையும் இழுத்து ஒரு வார்த்தை விழுந்தாலும் ஆட்டத்தை நிறுத்தி எச்சரியுங்கள். இரண்டாம் முறை அணியையே நீக்குங்கள். அறிவிப்பாளரின் பகிடிக்கும் அதே விதி.

பிள்ளைகளோடு நயமாகப் பழகித் தம் வலைக்குள் இழுப்பவர்கள் ஏறத்தாழ ஒரே பாதையில்தான் வருகிறார்கள். முதலில் ஆட்டத்தைப் புகழ்வார்கள், பிறகு டயமண்ட் அனுப்புவார்கள், பிறகு குழுவை விட்டுத் தனி அரட்டைக்கு அழைப்பார்கள், பிறகு “வீட்டில் சொல்லாதே” என்பார்கள், கடைசியில் படம் கேட்பார்கள். ஆரம்ப உரையில் இந்தப் படிகளைப் பிள்ளைகளிடம் இதே போல வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். “வீட்டில் சொல்லாதே” என்று எவர் எழுதினாலும் அதை முதலில் வீட்டில்தான் சொல்ல வேண்டும் என்று சொன்னபோது, முன்வரிசையில் இருந்த இருவர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதை நான் கவனித்தேன்.

பணம், பரிசு, பானம்

பிள்ளைகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்கி, அதையே சேர்த்து வென்றவனுக்குக் கொடுப்பது சூதாட்டத்தின் வாடை வீசும் ஏற்பாடு. பரிசைக் கழகத்தின் பணத்திலிருந்தோ அனுசரணையிலிருந்தோ கொடுங்கள். காசாகக் கொடுக்காமல் ஹெட்செட், புத்தகப்பை போன்ற பொருளாகப் பெற்றோர் முன்னிலையில் கொடுங்கள். பரிசை அனுப்பப் பிள்ளையின் வங்கிக் கணக்கையோ கேம் கணக்கின் பாஸ்வேர்டையோ எவரும் கேட்கக் கூடாது. கேட்பவர் உங்கள் பெயரில் வந்தாலும் அது மோசடி என்று முன்னரே அறிவியுங்கள். மண்டபத்துக்கு வெளியே இளைஞர்கள் பிள்ளைகளின் ஆட்டத்தின்மீது பந்தயம் கட்டுவதைக் கண்டால் உடனே நிறுத்துங்கள். தோற்ற பிள்ளைக்கு அடி விழுவது அங்கிருந்துதான்.

புகையிலை, மதுசார நிறுவனங்களின் அனுசரணையை 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தடை செய்கிறது; 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அவற்றை விற்பதையும் அதே சட்டம் தடுக்கிறது. எனர்ஜி பானங்களுக்கு இத்தடை இல்லை என்றாலும், 250 மில்லிலீற்றர் ரின் ஒன்றில் ஏறத்தாழ 80 மில்லிகிராம் கஃபீன் இருக்கும். பிள்ளைகளுக்கு அது வேண்டாம். தண்ணீரும் மதியச் சாப்பாடும் போதும்.

ஒளி மின்னும் திரைகளால் வலிப்பு வரும் பிள்ளைகள் சிலர் உண்டு. வலிப்பு வந்தால் அருகிலுள்ள பொருட்களை அகற்றி, தலையின் கீழ் மென்மையான ஏதாவது வைத்து, இழுப்பு அடங்கியதும் ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். கையில் இரும்பு கொடுப்பதும் வாயில் எதையாவது திணிப்பதும் வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால், அல்லது இதுவே முதல் முறை என்றால், 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

ஒரு பிள்ளை வந்து சொன்னால்

ஒருவர் தன்னைத் தொட்டதாகவோ, படம் கேட்டு மிரட்டுவதாகவோ ஒரு பிள்ளை சொன்னால், முதலில் செய்ய வேண்டியது கேட்பது மட்டுமே. “எப்ப? ஏன் உடனே சொல்லல்ல? நீ ஏன் அங்க போனாய்?” என்று அடுக்கடுக்காகக் கேட்டால் அந்தப் பிள்ளை மறுபடி வாய் திறக்காது. “நீ சொன்னது நல்லது, உன்னில பிழை இல்ல” என்று சொல்லுங்கள். எவருக்கும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், ஏனெனில் அதை நீங்கள் காப்பாற்ற முடியாது. உதவக்கூடியவர்களுக்கு மட்டும் சொல்வேன் என்று உண்மையைச் சொல்லுங்கள். பிள்ளை போனதும் அது சொன்ன வார்த்தைகளை அப்படியே, உங்கள் விளக்கம் கலக்காமல், திகதியும் நேரமும் இட்டு எழுதுங்கள்.

அடுத்தது 1929. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் அந்த இலக்கம் 24 மணி நேரமும் இலவசமாக இயங்குகிறது, தமிழிலேயே கதைக்கலாம். உடனடி ஆபத்து என்றால் பொலிஸின் 119. அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் சிறுவர், பெண்கள் பணியகப் பிரிவு இருக்கும். குற்றம் சாட்டப்படுபவர் பெற்றோர் அல்லாதவரெனில் பெற்றோருக்கும் உடனே அறிவியுங்கள். சொல்லப்பட்டவரை நீங்களே அழைத்து விசாரிக்காதீர்கள். ஆனால் அந்த நிமிடமே பிள்ளைகளிடமிருந்து விலக்கி வையுங்கள்.

இங்கேதான் ஊர் குறுக்கே வரும். “பிள்ளையின் பெயர் கெட்டுவிடும், பேசித் தீர்த்துக்கொள்வோம்” என்பார்கள். கோயில் நிருவாகமோ பள்ளிவாசல் நிருவாகமோ நல்லெண்ணத்தோடு இரு தரப்பையும் உட்கார வைக்க முன்வரும். காணிச் சண்டைக்கு அது பொருந்தலாம். சிறுவர் மீதான குற்றம் இரு குடும்பங்களின் பிணக்கு அல்ல. தீர்த்து வைப்பதற்கு ஏற்பாட்டாளருக்கும் அதிகாரம் இல்லை, ஊர்ப் பெரியவருக்கும் இல்லை. பாதிக்கப்பட்டவன் ஆண் பிள்ளை என்றால் “அவன் பொடியன்தானே” என்று தள்ளிவிடுவதும் நடக்கிறது. அதற்கும் இடம் கொடுக்காதீர்கள்.

போனில் சான்று இருந்தால் அரட்டையை அழிக்க வேண்டாம். கணக்கின் பெயர், இலக்கம், நேரம் தெரியும்படி திரையைப் படம் எடுத்து வையுங்கள். பிள்ளையின் ஆபாசப் படம் அதில் இருந்தால் அதை எவருக்கும், “சான்றுக்காக” என்றாலும், முன்னனுப்பாதீர்கள். அத்தகைய படத்தை வைத்திருப்பதே தண்டனைச் சட்டக்கோவையின் 286அ பிரிவின் கீழ் குற்றம். போனை அப்படியே பொலிஸில் ஒப்படையுங்கள். படம் இணையத்தில் பரவும் என்று பிள்ளை அஞ்சினால் டேக் இட் டவுன் என்ற இலவசச் சேவை உண்டு. 18 வயதுக்கு முன் எடுக்கப்பட்ட படத்தை அடையாளம் காட்டும், கைரேகை போன்ற டிஜிட்டல் குறியீட்டை மட்டும் பிள்ளையின் போனிலேயே உருவாக்கி, இணைந்துள்ள தளங்களுக்கு அது அனுப்புகிறது. படம் போனை விட்டு வெளியேறுவதில்லை.

போட்டி முடிந்தபின்

பரிசளிப்பு முடிந்ததும் இளைஞர்கள் வயர்களைச் சுருட்டத் தொடங்குவார்கள், விளக்குகள் ஒவ்வொன்றாக அணையும். வாசல் மேசையை மட்டும் அப்போது மடிக்கக் கூடாது. கொப்பியின் கடைசி வரியிலும் போன நேரம் எழுதப்படும்வரை இரண்டு பெரியவர்கள் அங்கே இருக்க வேண்டும். ஐந்து மணியாகியும் ஒருவர் வரவில்லை என்றால் இரண்டாவது இலக்கம், பிறகு கூட்டிச் செல்ல அனுமதிக்கப்பட்டவர், பிறகு கிராம உத்தியோகத்தர் என்ற வரிசையில் அழையுங்கள். பிள்ளையை ஓட்டோவில் தனியே ஏற்றி அனுப்பாதீர்கள். அடுத்த ஒரு வாரத்துக்குள், முறைப்பாடு எதுவும் இல்லாவிடின், படிவங்களைக் கிழித்து எரித்து, கூகிள் தாளையும் அழித்துவிடுங்கள். முறைப்பாடு இருந்தால் எதையும் அழிக்காமல் பொறுப்பாளர் பூட்டி வைக்கட்டும்.

அந்தத் தரம் 7 பையன் இப்போது தரம் 10இல் படிக்கிறான். எங்கள் கடைசிப் போட்டியில் வாசல் மேசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று, கைப்பட்டியை இரண்டு முறை இழுத்துப் பார்த்து, “இறுக்கமாக் கட்டுங்க அண்ணா, கழண்டா என்னை வெளிய விடமாட்டீங்கதானே” என்று சிரித்தான்.